ஊக்கியின் அளவும் தாக்கத்தின் வேகமும்: ஒரு விஞ்ஞானக் கருத்தின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

இலக்கியத் திறனாய்விலும் அரசியல் எழுத்திலும் 'ஊக்கி' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. ஒரு சிறுசஞ்சிகை ஓர் இலக்கிய இயக்கத்துக்கு ஊக்கியாக அமைந்தது என்றும், ஒரு தனிமனிதர் வரலாற்று மாற்றமொன்றுக்கு ஊக்கியாக விளங்கினார் என்றும் எழுதுகிறோம். இவ்வாறு எழுதுகையில் இரசாயனவியலிலிருந்து ஓர் உவமையைக் கடனாகப் பெறுகிறோம். ஆனால் அவ்வுவமை இரசாயனவியலின் எந்தக் காலகட்டத்துக்குரியது என்பதை நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. தான் சிறிதும் மாறாது ஒதுங்கி நின்று பிறவற்றை மாற்றும் பொருளே ஊக்கி என்பது பொதுவான விளக்கம். அப்படியாயின் அப்பொருளின் அளவைக் கூட்டும்போது தாக்கத்தின் வேகமும் ஏன் கூடவேண்டும்? வெறுமனே உடனிருப்பதொன்றே போதுமெனில், சிறிதளவு இருந்தாலென்ன, பெருமளவு இருந்தாலென்ன?

எளிமையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண இரசாயனவியலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. ஐதரசன் பேரொட்சைட்டின் பிரிகையை முதன்மை உதாரணமாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதும், அதன் ஒளியில் நமது உவமையை மீள்பரிசீலனை செய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சக்தி என்னும் மறைபொருள்

1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனவியலாளரான லூயி ஜாக் தெனாட், பேரியம் பேரொட்சைட்டை அமிலத்துடன் தாக்கமுறச் செய்து புதியதொரு திரவத்தைப் பெற்றார். 'ஒட்சிசனேற்றப்பட்ட நீர்' என அவர் அழைத்த அதுவே இன்று நாம் அறியும் ஐதரசன் பேரொட்சைட்டு. அத்திரவத்தின் இயல்புகளை ஆராய்ந்தபோது அவரை வியப்பிலாழ்த்திய செய்தியொன்று வெளிப்பட்டது. வெள்ளி, பொன், பிளாற்றினம், மங்கனீசீரொட்சைட்டு ஆகியன அத்திரவத்தைத் தொட்டமாத்திரத்தே அது நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்தது. தொட்ட பொருளோ செலவாகவில்லை. குருதியிலிருந்து பெறப்பட்ட பைபிரினும் அவ்வாறே தொழிற்பட்டது. உலோகத்தைத் துண்டாக இடுவதைவிட நுண்துகளாக இடும்போது பிரிகை உக்கிரமாக நிகழ்வதையும் அவர் கண்டார். அளவு பற்றிய வினாவின் முதல் வித்து இதுவெனலாம்.

தெனாட்டின் அவதானம் தனித்து நிற்கவில்லை. 1811-1812 காலப்பகுதியில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கிர்க்ஹோவ், மாப்பொருளை ஐதான சல்பூரிக்கமிலத்துடன் கொதிக்கவைத்துச் சர்க்கரையைப் பெற்றிருந்தார். அமிலம் குறையாது எஞ்சியது. இது ஒரு தனிமனிதரின் தற்செயலான ஆர்வத்தால் விளைந்ததன்று. 1806இல் நெப்போலியன் விதித்த கண்டத்தடையின் விளைவாக, அடிமை உழைப்பால் விளைந்த மேற்கிந்தியக் கரும்புச் சர்க்கரை ஐரோப்பியச் சந்தைக்கு வருவது தடைப்பட்டிருந்தது. சர்க்கரைக்கு மாற்றுவழி தேடும் நிர்ப்பந்தம் ஐரோப்பிய இரசாயனவியலாளரை எதிர்நோக்கியது. 1823இல் ஜேனாவில் டோபரைனர், பிளாற்றினப் பஞ்சின்மீது செலுத்தப்பட்ட ஐதரசன் வளியில் தானாகவே தீப்பற்றுவதைக் காட்டினார். இவர் கோதேயின் ஆதரவைப் பெற்றவர் என்பது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

சிதறிக் கிடந்த இவ்வவதானங்களை ஒரு கருத்தின்கீழ்த் தொகுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞரான பேர்ஸீலியஸ். 1835ஆம் ஆண்டுக்கான தமது அறிக்கையில் 'கற்றலிசிஸ்' என்ற சொல்லை அவர் அறிமுகஞ் செய்தார். இக்கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் தளர்த்தல், கலைத்தல் என்பதாகும். பண்டைய ஏதென்சில் மக்களாட்சியைக் கவிழ்க்கும் குற்றத்தைக் குறிக்கவும் இச்சொல்லே வழங்கிற்று. தமிழில் நாம் ஆக்கிக்கொண்ட 'ஊக்கி' என்ற சொல் கட்டவிழ்த்தலைச் சுட்டாது விரைவுபடுத்தலையே சுட்டுகிறது. பின்னர் ஒஸ்வால்ட் தரவிருந்த வரைவிலக்கணத்துக்கு இது நெருக்கமானது.

பேர்ஸீலியஸ் பெயரிட்டாரேயன்றி விளக்கந் தரவில்லை. பொருள்களில் உறங்கும் நாட்டங்களைத் தமது பிரசன்னத்தினாலேயே எழுப்பவல்ல 'ஊக்கற்சக்தி' ஒன்று சில பொருள்களுக்கு உண்டென்பதே அவர் கருத்து. இத்தகைய புதிய சக்தியைக் கற்பிப்பது அறியாமைக்குப் பெயர் சூட்டுவதாகும் என்ற போக்கில் ஜேர்மானியரான லீபிக் இதனை மறுத்தார். அவருடைய மறுப்பில் நியாயமிருந்தது. பிரசன்னம் என்பது அளவிடப்பட முடியாதது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைகள்தாம் அதற்குண்டு. அளவிடமுடியாத ஒன்று விளக்கமாக நிற்கும்வரை, அளவுக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பு ஒரு வினாவாகவே எழ முடியாது.

2. அளவும் காலமும்

ஊக்கியின் அளவு பற்றிய வினா எழ வேண்டுமாயின் முதலில் காலம் அளக்கப்படவேண்டும். 18ஆம் நூற்றாண்டு இரசாயனவியல் நிறையை அளக்கக் கற்றிருந்தது. ஒரு தாக்கம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிகழ்கிறது என்பது அதன் அக்கறையாக இருக்கவில்லை. ஆனால் தொழிற்சாலையின் தேவை வேறானது. மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ், உழைப்புக் காலத்துக்கும் உற்பத்திக் காலத்துக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்குகிறார். முந்திரிகைச் சாறு புளித்தல், துணி வெளிறல் முதலானவற்றில் உழைப்பு ஓய்ந்தபின்னரும் இயற்கையின் செயல் தொடர்கிறது. அக்காலம் முழுவதும் மூலதனம் முடங்கிக் கிடக்கிறது. வெளிறற்றொழிலில் இரசாயன முறைகள் புகுந்தமை அம்முடக்கத்தைக் குறைத்தமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இரசாயனத் தாக்கத்தின் வேகம் மூலதனத்தின் சுழற்சி வேகமுமாகும்.

சல்பூரிக்கமில உற்பத்தி இதற்குத் தக்க சான்று. 1746இல் பேர்மிங்காமில் ரோபக் அமைத்த ஈய அறைகளில் கந்தகத்துடன் வெடியுப்பும் எரிக்கப்பட்டது. வெடியுப்பிலிருந்து தோன்றும் நைதரசன் ஒட்சைட்டுகள் வளியிலுள்ள ஒட்சிசனைக் கந்தகவீரொட்சைட்டுக்குக் கடத்தும் இடையீட்டாளராகவே தொழிற்படுகின்றன என்பதை 1806இல் கிளெமானும் தெசோமும் காட்டினர். ஊக்கி செலவாவதில்லை என்பது கோட்பாடு. ஆனால் தொழிற்சாலையின் புகைபோக்கி வழியே அது நாள்தோறும் வெளியேறி விரயமாயிற்று. விரயமானதை மீட்கும் பொருட்டே 1827இல் கே லூசாக் கோபுரம் முன்மொழியப்பட்டது. 1859இல் குளோவர் கோபுரம் வந்தது. ஊக்கியின் அளவு இவ்வாறு ஆய்வுகூடத்து வினாவாகும் முன்னரே கணக்கேட்டின் வினாவாகியிருந்தது.

எனினும் விஞ்ஞானத்தின் வளர்ச்சியைத் தொழிற்றேவையின் நேரடி எதிரொலியாகக் காண்பது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். 1850இல் வில்ஹெல்மி என்ற ஜேர்மானியர், அமில முன்னிலையில் கரும்புச் சர்க்கரை பிளவுறும் வேகத்தை முனைவுமானியினால் அளந்து, கணந்தோறும் மாற்றமடையும் சர்க்கரையின் அளவு அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு விகிதசமமானது எனக் காட்டினார். அமிலத்தின் அளவையும் வெப்பநிலையையும் மாற்றியும் அவர் நோக்கினார். தாக்கவீதம் கணித வடிவம் பெற்றது அதுவே முதற்றடவை. சர்க்கரைக் கைத்தொழிலில் பயின்ற கருவி அவருக்குக் கைகொடுத்தது. ஆயினும் அவரது கட்டுரையை எவரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் ஒஸ்வால்ட் அதன்பால் கவனத்தை ஈர்க்கும்வரை அது புதைந்தே கிடந்தது. கருவி சமூகத்திலிருந்து வந்தது. கருத்து சமூகத்துக்கு முந்தி வந்துவிட்டது. தேவையும் கருத்தும் ஒரே மணிக்கூட்டின்படி நடப்பதில்லை.

ஊக்கியின் அளவுக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவிய ஆய்வுகளுள் ஒன்று மதுவடிசாலையோடு தொடர்புடையவர்களிடமிருந்து வந்தமை தற்செயலன்று. 1890இல் ஓ'சலிவனும் தொம்ப்சனும், மதுவத்திலிருந்து பெற்ற இன்வேற்றேசு என்ற நொதியத்தை ஆராய்ந்து, சர்க்கரையின் குறித்த பங்கு பிளவுறுவதற்கு எடுக்கும் நேரம் நொதியத்தின் அளவுக்கு நேர்மாறு விகிதத்திலமைகிறது எனக் கண்டனர். நொதியத்தை இருமடங்காக்கினால் நேரம் பாதியாகும்.

3. பங்கேற்பின் சான்று

ஊக்கிக்கு இன்று வழங்கும் வரைவிலக்கணத்தின் மூலவர் ஒஸ்வால்ட். விளைவுகளில் தான் தோன்றாது, தாக்கமொன்றின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருளே ஊக்கி என்றார் அவர். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறைபொருளான சக்தியை நீக்கி, அளவிடத்தக்க வேகத்தை அவ்விடத்தில் வைத்தமை அவரது பெருஞ்சாதனை.

ஐதரசன் பேரொட்சைட்டு இப்புதிய நோக்குக்கு உரைகல்லாயிற்று. 1890களின் இறுதியில் பிரெடிக் நீரினுள் மின்வில்லை உண்டாக்கிப் பிளாற்றினத்தைக் கூழ்நிலையிற் பெற்றார். ஒரு கிராம் அணு பிளாற்றினம் ஏறத்தாழ 70 மில்லியன் லீற்றர் நீரில் பரந்திருக்கையிலும் பேரொட்சைட்டின் பிரிகையில் அதன் செயல் உணரத்தக்கதாயிருந்தது. ஐதரசன் சயனைட்டு மிகச் சிறிதளவு சேர்ந்தவுடன், குருதியின் ஊக்கற்செயல் குன்றுவதைப் போலவே பிளாற்றினத்தின் செயலும் குன்றியது. தெனாட் பைபிரினிற் கண்ட செயலின் உண்மைக் காரணியான குருதி நொதியத்துக்கு 1901இல் லேவ் 'கற்றலேசு' எனப் பெயரிட்டார்.

இன்று உயர்தர வகுப்பு மாணவரும் செய்யும் பரிசோதனை ஒன்றைக் கருதுவோம். ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலில் பொற்றாசியம் அயடைட்டுச் சேர்க்கப்படுகிறது. வெளிவரும் ஒட்சிசனின் கனவளவு நேரத்தோடு அளக்கப்படுகிறது. வெப்பநிலையும் பேரொட்சைட்டின் செறிவும் மாறாதிருக்க, அயடைட்டின் செறிவை இருமடங்காக்கினால் தொடக்க வேகமும் இருமடங்காகும். ஆனால் இறுதியில் கிடைக்கும் ஒட்சிசனின் அளவு அணுவளவும் மாறாது. 68 கிராம் பேரொட்சைட்டு முற்றாகப் பிரியும்போது 36 கிராம் நீரும் 32 கிராம் ஒட்சிசனுமே கிடைக்கும். ஊக்கி ஒரு துளியாயினும் ஒரு குவளையாயினும் கணக்கு இதுவே.

இவ்விகிதசமத்தின் காரணம் தாக்கத்தின் பொறிமுறையில் உள்ளது. அயடைட்டு அயன் பேரொட்சைட்டு மூலக்கூறொன்றுடன் தாக்கமுற்று ஐப்போஅயடைற்று அயனாக மாறுகிறது, நீர் விடுபடுகிறது. அவ்வயன் இன்னொரு பேரொட்சைட்டு மூலக்கூறுடன் தாக்கமுற்று, ஒட்சிசனையும் நீரையும் விடுவித்து, மீண்டும் அயடைட்டாகிறது. ஊக்கியின்றி நிகழும் பிரிகைக்கு மூலொன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோயூல் ஏவற்சக்தி தேவை. இப்புதிய பாதையில் ஏறத்தாழ 56 கிலோயூல் போதும். முதற்படியே மெதுவானது; வேகத்தை நிருணயிப்பது அதுவே. அப்படியில் அயடைட்டு தானே ஒரு தாக்கி. ஆதலால் அயடைட்டு அயன்கள் எவ்வளவோ அவ்வளவுக்கு மோதல்கள். மோதல்கள் எவ்வளவோ அவ்வளவுக்கு வேகம்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. ஊக்கியின் அளவு வேகத்தைப் பாதிப்பது, ஊக்கி தாக்கத்தில் பங்குகொள்கிறது என்பதற்கான சான்று. மாறாதிருப்பதனால் அது ஊக்கியாவதில்லை. மாறி, மீண்டும் தன்னிலை எய்துவதனாலேயே ஊக்கியாகிறது. இறுதிக் கணக்கை மட்டும் நோக்குவோருக்கு மாறாததாகத் தெரிவது, இயக்கத்தை நோக்குவோருக்கு இடையறாது மாறுவதாகத் தெரியும்.

ஒஸ்வால்டின் வரைவிலக்கணம் இவ்வுள்ளியக்கத்தைப் பற்றி மௌனஞ் சாதித்தது என்பதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். அணுக்களின் இருப்பை நெடுங்காலம் ஏற்க மறுத்து, சடப்பொருளையே சக்தியாகக் கரைத்துவிட முனைந்தவர் அவர். 1895இல் லூபெக் மாநாட்டில் போல்ட்ஸ்மான் அவரை எதிர்த்து வாதிட்டார். 1909இல் வெளிவந்த 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்' என்ற நூலில் லெனின், ஒஸ்வால்டைப் பெரிய இரசாயனவியலாளர், ஆனால் குழம்பிய தத்துவவாதி எனக் கணித்தார். அதே காலப்பகுதியில் பரிசோதனைச் சான்றுகளின் முன் ஒஸ்வால்டும் அணுக்களின் உண்மையை ஏற்றுக்கொண்டார். மூலக்கூறுகளின் மோதலை ஏற்காது அளவுக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பைப் பதிவுசெய்யலாம்; விளக்க முடியாது.

4. அளவும் பண்பும்

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்ற இயக்கவியல் விதியை நினைவுகூர்ந்து, ஊக்கியின் அளவைக் கூட்டினால் புதிய பண்பு தோன்றும் என எடுத்த எடுப்பிலேயே கூறிவிட நாம் விரும்பலாம். ஆனால் விதியை உண்மைகளின்மீது திணிப்பதை ஏங்கெல்சே எச்சரித்துள்ளார். அயடைட்டை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காகிறது. அங்கு நிகழ்வது வெறும் அளவு மாற்றமே.

திண்ம ஊக்கியில் நிலைமை சிக்கலானது. மங்கனீசீரொட்சைட்டின் நிறையைவிட அதன் வெளிப்பட்ட பரப்பே முக்கியமானது. ஒரே நிறையுள்ள தூள் கட்டியைவிட விரைந்து தொழிற்படும். தூளின் அளவை மேன்மேலும் கூட்டும்போது, பேரொட்சைட்டு மூலக்கூறுகள் பரப்பை வந்தடையும் வேகமே எல்லையாகிவிடுகிறது. அதன்பின் மேலதிக ஊக்கியால் பெரும்பயன் இல்லை. நொதியத்தில் இவ்வெல்லை மறுதலையாகத் தோன்றுகிறது. 1913இல் மிக்கேலிசும் மென்ரனும் விளக்கியவாறு, நொதியத்தின் அளவு மாறாதிருக்கத் தாக்கியை எவ்வளவு பெருக்கினாலும் வேகம் ஓர் உச்சத்துக்கு அப்பாற் செல்லாது. அவ்வுச்சத்தை நிருணயிப்பது நொதியத்தின் அளவே.

உண்மையான பாய்ச்சல் நிகழ்வது வெப்பத்தின் வழியாகும். பேரொட்சைட்டின் பிரிகை மூலொன்றுக்கு ஏறத்தாழ 98 கிலோயூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஊக்கியின் அளவு இம்மொத்த வெப்பத்தை மாற்றாது. அது வெளிப்படும் கால அளவையே சுருக்குகிறது. வெப்பம் சூழலுக்கு வெளியேறும் வேகத்தினும் தோன்றும் வேகம் மிகும் எல்லையொன்று உண்டு. அதற்கு இப்பால் கரைசல் அமைதியாகக் குமிழிவிடும். அப்பால் வெப்பநிலை உயர, உயர்ந்த வெப்பநிலை தாக்கத்தை மேலும் விரைவாக்க, செறிந்த பேரொட்சைட்டு கொதிநீராவியாய்ச் சீறும். அளவு பண்பாக மாறும் இடம் இதுவே. ஊக்கி மட்டும் அதனைச் செய்வதில்லை. ஊக்கிக்கும் சூழலுக்குமிடையிலான உறவே செய்கிறது.

இவ்வெல்லையை மனிதர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தியதும் வரலாறே. நாசி ஜேர்மனியின் வி-2 ஏவுகணையில், ஏறத்தாழ 80 சதவீதச் செறிவுள்ள பேரொட்சைட்டு பரமங்கனேற்றுக் கரைசலால் பிரிக்கப்பட்டது. அதனாற் பிறந்த நீராவி எரிபொருளை இறைக்கும் சுழலியை இயக்கியது. அவ்வேவுகணைகளைப் பொருத்திய மிற்றெல்பௌ-டோறா வதைமுகாம் தொகுதிக்கு 1943-1945 காலத்தில் ஏறத்தாழ 60,000 கைதிகள் கொண்டுசெல்லப்பட்டனர். குறைந்தது 20,000 பேர் மாண்டனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் திகதி ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலான கேர்ஸ்க், டோர்ப்பீடோ ஒன்றிலிருந்த பேரொட்சைட்டு கசிந்து பிரிகையுற்றதனால் வெடித்தபோது 118 பேர் உயிரிழந்தனர். நுட்பத்தின் வரலாற்றை மனித உயிரின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுதுவது இயலாது.

5. வேகமும் திசையும்

ஊக்கியின் அளவு மாற்றாத இன்னொன்று சமநிலை. மீளுந் தாக்கமொன்றில் ஊக்கி முன்முகத் தாக்கத்தையும் பின்முகத் தாக்கத்தையும் ஒருங்கே விரைவுபடுத்துகிறது. தெனாட் 1813இலேயே, செஞ்சூடான உலோகங்களின்மீது அமோனியா செலுத்தப்படும்போது பிரிகையுறுவதைக் கண்டு, அவற்றுள் இரும்பே வீரியமிக்கது எனக் குறித்தார். சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1913இல், ஒப்பௌவில் இயங்கத் தொடங்கிய தொழிற்சாலையில் அதே இரும்பு நைதரசனையும் ஐதரசனையும் இணைத்து அமோனியாவை ஆக்கியது. ஹாபர் ஆய்வுகூடத்தில் பயன்படுத்திய ஒசுமியம் மிக அரிதான உலோகங்களுள் ஒன்றாகையால், தொழிற்சாலைக்கு வேண்டிய அளவிற் கிடைக்கக்கூடிய ஊக்கியைத் தேடி மிற்றாஷ் இரும்பை வந்தடைந்தார். பிரித்ததும் இரும்பே, இணைத்ததும் இரும்பே. எது நிகழவேண்டும் என்பதை அமுக்கமும் வெப்பநிலையும் செறிவுமே தீர்மானித்தன. அவ்வமோனியா உரமாவதா வெடிமருந்தாவதா என்பதை 1914இல் தீர்மானித்தவை வேறு சக்திகள்.

6. உவமையின் மீள்பரிசீலனை

1919இல் ரி. எஸ். எலியற், 'மரபும் தனித்திறனும்' என்ற புகழ்பெற்ற கட்டுரையில் கவியுள்ளத்தைப் பிளாற்றின இழைக்கு ஒப்பிட்டார். ஒட்சிசனும் கந்தகவீரொட்சைட்டும் பிளாற்றின முன்னிலையில் இணைகின்றன. பிளாற்றினமோ பாதிக்கப்படாது நடுநிலையில் நிற்கிறது. கவியுள்ளமும் அத்தகையதே என்பது அவர் வாதம். கவிதையைக் கவிஞனின் சொந்த உணர்ச்சிப் பெருக்காகக் கண்ட பிற்கால ரொமான்டிசிசத்தை மறுப்பதற்கு இவ்வாதம் உதவிற்று. அதனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் உவமையின் இரசாயனவியல் பிழையானது. அவர் குறிப்பிடும் சல்பூரசமிலம் அத்தாக்கத்தில் விளைவதில்லை. விளைவது கந்தகமூவொட்சைட்டு, அது நீருடன் சேர்ந்து சல்பூரிக்கமிலமாகும். இது சிறு வழு. பெருவழு, பிளாற்றினம் நடுநிலையானது என்பதே. பிரிஸ்டல் நகரத்து வினாகிரி உற்பத்தியாளரான பிலிப்ஸ் 1831இல் காப்புரிமை பெற்ற இம்முறை, கைத்தொழிலாக நிலைபெறப் பல தசாப்தங்கள் எடுத்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று, பிளாற்றினம் பாதிக்கப்படுவதே. கனிமத்திலிருந்து வரும் ஆசனிக்கு அதன் பரப்பிற் படிந்து அதனை நஞ்சூட்டியது. இதனைக் கினீட்ஷ் 1901இல் விரிவாக எடுத்துரைத்திருந்தார். எலியற் எழுதுகையில் இவ்வுண்மைகள் பழையனவாகிவிட்டன.

சமூகத்தின் நஞ்சும் ஊட்டமும் படியாத பரப்பு எதுவுமில்லை. கலைஞன் பொருளோடு தாக்கமுறுகிறான், மாறுகிறான். அடுத்த படைப்புக்குத் தன்னை மீளப் பெறுகிறான். அவன் பங்கேற்பின் அளவுக்கேற்பவே படைப்பின் வேகமும் அமையும்.

அரசியல் உவமைக்கும் இது பொருந்தும். 1898இல் பிளெக்கானோவ், வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரத்தை ஆராய்ந்து, தனிமனிதர் நிகழ்ச்சிகளின் தனித்தன்மைகளை மாற்றலாம், அவற்றின் பொதுத்திசையை மாற்ற இயலாது என்ற முடிவுக்கு வந்தார். இது ஊக்கியின் இலக்கணத்துக்கு ஒத்ததே. எனினும் 'வேகத்தை மட்டும்' என்று கூறி அமைதியடைய முடியாது. குடுவையிலுள்ள பேரொட்சைட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும். பசித்திருப்போர் அவ்வாறு காத்திருப்பதில்லை. சமூகத்தில் தாமதம் என்பது உயிர்களின் கணக்கு.

வெளியிலிருந்து இடப்படும் பிளாற்றினத்தைவிடப் பொருத்தமான உவமை இரசாயனவியலிலேயே உண்டு. 1866இல் ஹாகோட்டும் எசனும் ஆராய்ந்த பரமங்கனேற்று-ஒட்சாலிக்கமிலத் தாக்கம் மிக மெதுவாகத் தொடங்குகிறது. அத்தாக்கத்தில் விளையும் மங்கனீசு அயனே அத்தாக்கத்துக்கு ஊக்கியாகையால், விளைவு பெருகப் பெருக வேகமும் பெருகுகிறது. இதற்கு ஒஸ்வால்ட் 1890இல் 'தன்னூக்கல்' என்ற கருத்தைத் தந்தார். போராட்டத்திலிருந்து பிறக்கும் உணர்வு போராட்டத்தையே விரைவுபடுத்துவதும், மக்களிடையிலிருந்து எழும் இலக்கியம் மக்களின் எழுச்சியைப் பெருக்குவதும் இவ்வகையினவே. இங்கு ஊக்கி வெளியே நிற்பதில்லை. அதன் அளவும் எவராலோ அளந்து இடப்படுவதன்று, தாக்கத்தின் உள்ளிருந்தே வளர்வது. 'ஊக்கி' என்ற சொல்லை இனிக் கையாளும் திறனாய்வாளர் எந்த ஊக்கியைக் குறிக்கின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அச்சொல் அப்பொழுதுதான் அலங்காரம் என்ற நிலையிலிருந்து ஆய்வுக்கருவி என்ற நிலைக்கு உயரும்.